பனி கொட்டாத மார்கழி: நெல் தரிசில் உளுந்து தெளிக்கலாமா, வேண்டாமா?

மார்கழி 23 | கடைமடை

குழுவிலுள்ள விவசாயிகளிடம் நேராகக் கேட்கிறேன். மார்கழி முடியப்போகிறது, விடியற்காலையில் வரப்பில் நடந்தால் கால் நனையவில்லை. போர்வை பெட்டியிலேயே கிடக்கிறது. இரவெல்லாம் மேகம், கிழக்கே இருந்து காற்று. சம்பா தை பத்துக்கு மேல் அறுப்புக்கு வரும். நெல் அறுப்புக்குச் சற்றுமுன் பயிருக்குள் விதை தூவி, தண்ணீர் பாய்ச்சாமல் எடுக்கும் தரிசு உளுந்து பனியைக் குடித்து விளையும் என்றுதான் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. பனியே இல்லாத வருஷம் விதையைக் கொண்டுபோய் கொட்டுவதா? நிலம் காவிரி டெல்டாவில் தலைஞாயிறு பக்கம், ஒட்டுக் களிமண். ஆழ்துளை போட்டால் உப்புத் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வருவது நின்றால் அவ்வளவுதான்.

மார்கழி 23 | வெண்ணாற்றங்கரை

தெளிக்கலாம். ஆனால் உளுந்து பனியைக் குடித்து விளைகிறது என்பதை முதலில் ஓரமாக வைக்கவும்.

கணக்கு இது. நல்ல பனி கொட்டும் ஓர் இரவில் இறங்கும் ஈரம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். 0.2 என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர். பூத்துக் காய் பிடிக்கும் உளுந்து ஒரு நாளைக்குக் குடிப்பது 3 முதல் 4 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு 12,000 லிட்டருக்கு மேல். பனி அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் வெயில் ஏறினால் இலையிலிருந்தே ஆவியாகிவிடும், வேருக்கு இறங்காது.

பயிரை வளர்ப்பது சம்பா விட்டுப்போன மண் ஈரம். களிமண்ணில் மேல் ஓரடியில் பயிர் எடுக்கக்கூடிய ஈரம் 45 முதல் 60 மில்லிமீட்டர் நிற்கும். செடி சின்னதாக இருக்கும்போது செலவு குறைவு. அதற்குள் வேர் இரண்டாவது அடிக்குப் போய்விட்டால் மீதியையும் எடுத்துக்கொள்ளும். தரிசுப் பயிரின் சூட்சுமமே வேர் ஈரத்தைத் துரத்திக்கொண்டு இறங்குவதுதான்.

மார்கழி 24 | கடைமடை

அப்படியானால் பனி கொட்டின வருஷமெல்லாம் உளுந்து நன்றாக வந்ததே, அது எப்படி அண்ணே? பெரியவர்கள் சும்மா சொல்வார்களா?

மார்கழி 24 | வெண்ணாற்றங்கரை

சும்மா சொல்லவில்லை. பார்த்தது சரி, காரணம்தான் வேறு. பனி எப்போது கொட்டும்? வானம் துடைத்தாற்போல் இருக்கவேண்டும், காற்று அசையக்கூடாது, தரையை ஒட்டின காற்றில் ஈரம் இருக்கவேண்டும். இந்த மூன்றும் கூடினால் தரைச்சூடு இரவில் மேலே போய்விடும், இலை குளிர்ந்து நீர் படியும். அப்படிப்பட்ட வருஷத்தில் பகலிலும் காற்று மந்தம், இரவு வெப்பம் குறைவு, இலை காலை எட்டு ஒன்பது வரை நனைந்திருப்பதால் செடி தண்ணீரை வெளியே விடத் தொடங்குவதே தாமதம். மண் ஈரம் மெதுவாகச் செலவாகும். பனி பயிருக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, செலவைப் பிடித்து நிறுத்தியது.

இந்த வருஷம் தலைகீழ். மேகம் இரவுச்சூட்டை வெளியே விடவில்லை. கிழக்குக் காற்று நிற்காமல் வீசுகிறது. ஆகவே ஈரம் கொஞ்சம் சீக்கிரம் தீரும். அதற்கேற்பத்தான் வேலையை மாற்றவேண்டும், பயிரை விடவேண்டியதில்லை.

மார்கழி 24 | பெல்ட் வண்டி

எங்க பெல்ட் அறுப்பு வண்டித் தொழிலுக்கு இந்த வருஷம் கொண்டாட்டம் அண்ணே. பனி கொட்டுனா பத்து பத்தரைக்கு முன்னாடி வண்டிய வயல்ல இறக்க முடியாது. ஈர வைக்கோல் டிரம்முல சுத்திக்கும், சல்லடை பிசுபிசுன்னு அடைச்சுக்கும், நெல்லு பின்பக்கமா வைக்கோலோட போயிரும். இப்ப எட்டு மணிக்கே அறுக்கலாம் போல இருக்கு. தைப்பனி தரையத் துளைக்கும், மாசிப்பனி மச்சத் துளைக்கும்பாங்க. இந்த வருஷம் கொசு மட்டும்தான் துளைக்குது.

மார்கழி 25 | வடவாறு

வடக்கே மலையில் பனி விழாததும் இங்கே பனி கொட்டாததும் ஒன்றுதானா? 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் வெறும் புல்தரையாகக் கிடந்த படங்களைப் பார்த்தோமே.

மார்கழி 25 | வெண்ணாற்றங்கரை

இரண்டுக்கும் கணக்கு வேறு. அங்கே விழுவது மேகத்திலிருந்து வரும் வெண்பனி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் குளிர்கால மழைமேகங்கள் வந்தால் விழும், வராவிட்டால் வானம் வெளுத்துக் கிடக்கும். 2024 ஜனவரியில் அவை பலவீனமாக இருந்தன. மாதக் கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. அங்கே வானம் தெளிந்தால் பனி இல்லை. இங்கே வானம் மூடினால் பனி இல்லை. அந்த நாட்டுக் கதையை வைத்து நம் வயலுக்கு முடிவெடுக்கவேண்டாம்.

நமக்குக் கவலை வேறு. தையிலும் மேகம் சூழ்ந்து கிழக்குக் காற்று வீசினால், வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுதாக விலகவில்லை என்று பொருள். 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்ததும், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையைத் தாண்டி வந்த தாழ்வு மண்டலத்தால் டெல்டா முழுக்க நெல் நனைந்ததும் மறந்திருக்காது. வெதுவெதுப்பான குளிர்காலம் என்றால் அறுவடை மழைக்கும் வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வது நல்லது.

மார்கழி 26 | வடவாறு

செய்தியில் குறைந்தபட்ச வெப்பம் 21 என்றுதான் சொல்கிறார்கள். வழக்கமானதுதானே? பிறகு ஏன் பனி இல்லை?

மார்கழி 26 | வெண்ணாற்றங்கரை

அவர்கள் அளப்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள். தெளிவான, காற்றில்லாத இரவில் பயிர் மட்டத்தில் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்கும். மேகமூட்ட இரவில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். எண் ஒன்றுதான், வயல் வேறு.

பனியை அளந்து பார்க்க ஆசை இருந்தால்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிளாஸ்டிக் தாள், மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, ஒருபக்கம் சற்றுச் சாய்த்து வரப்பில் வைக்கவும். தாளுக்கு அடியில் வைக்கோல் பரப்பவேண்டும், இல்லாவிட்டால் தரைச்சூடு ஏறிக் கணக்குக் கெடும். சூரியன் கிளம்புமுன் ஏற்கெனவே எடை பார்த்து வைத்த பஞ்சுத்துண்டால் துடைத்து, மறுபடி எடை போடவும். கூடின ஒவ்வொரு 100 கிராமும் 0.1 மில்லிமீட்டர். இலையில் படிவதற்கும் தாளில் படிவதற்கும் வேறுபாடு உண்டு, ஆனால் ஒரு நாளையும் மறுநாளையும் ஒப்பிட இது போதும்.

மார்கழி 28 | கடைமடை

நெற்பயிருக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே. இன்னும் பால் பிடிப்பில் நிற்கும் வயல்கள் இருக்கின்றன.

மார்கழி 28 | வெண்ணாற்றங்கரை

ஒரு பக்கம் லாபம். குலைநோய் என்னும் பூஞ்சை நோய்க்கு, முக்கியமாகக் கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோய்க்கு, இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்கவேண்டும். இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கவேண்டும். பனி இல்லாவிட்டால் அந்த நோய் மட்டுப்படும். ஆனால் தூறல் விட்டுவிட்டு விழுந்தால் அதுவும் இலை நனைவதுதான், ஏமாந்துவிடக்கூடாது.

மறுபக்கம் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி. வெதுவெதுப்பு, ஈரக்காற்று, நெருக்கி நட்ட வயல், யூரியா அள்ளிப்போட்ட வயல்: இவை சேர்ந்தால் அது தூரின் அடியில் பெருகும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து தூரை விலக்கி நீர்மட்டத்துக்கு மேலே பார்க்கவேண்டும். அதைத் தின்னும் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று, சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு என்று வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசனை. அதற்குமுன் தண்ணீரை வடித்துவிட்டாலே குறையும். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது காலி இடைவெளி, விட்டு நட்டவர்கள் இப்போது நிம்மதியாக இருப்பார்கள். மற்றவர்கள் பயிரை இருபக்கமும் சாய்த்துக் காற்றுக்கு வழி விடலாம்.

இரவுச்சூடு கூடினால் மணி சீக்கிரம் முற்றும், எடை கொஞ்சம் குறையும். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்திலும் வழக்கமான தேதியை நம்பாமல் கதிரைப் பார்த்து அறுப்பு நாளை முடிவுசெய்யவும். உளுந்து தெளிப்பு நாள் அதைப் பின்பற்றித்தான் வரும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

தை 2 | கடைமடை

பொங்கல் முடிந்தது. கதிர் முக்கால்வாசி பழுத்துவிட்டது. வண்டி அறுப்புதான். எப்போது தெளிப்பது, எவ்வளவு?

தை 2 | வெண்ணாற்றங்கரை

கையறுப்பு என்றால் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு. வண்டி அறுப்பு என்றால் 4, 5 நாள் முன்புதான். அதற்குமேல் முந்தினால் முளைத்த குருத்தைப் பெல்ட் நசுக்கிவிடும். விதை வேர் விட்டு மண்ணைப் பிடித்திருக்கவேண்டும், தலை மேலே வந்திருக்கக்கூடாது. அந்த இடைவெளிதான் 4, 5 நாள்.

விதை ஏக்கருக்கு 12 கிலோ, வண்டி அறுப்பென்றால் 14. ரகம் ஆடுதுறை 3 அல்லது ஆடுதுறை 6. மஞ்சள் தேமல் நோய்த் தொல்லை உள்ள இடத்தில் வம்பன் 8 எடுக்கலாம். இந்த வருஷ வானத்துக்கு நான் அதன் பக்கம்தான் சாய்வேன்.

பதம்: வயலில் மெழுகுப் பதம் இருக்கவேண்டும். கால் வைத்தால் சுவடு பதியவேண்டும், சுவட்டில் நீர் ஊறக்கூடாது. நீர் ஊறினால் விதை அழுகும். சுவடே பதியாவிட்டால் விதை மேலேயே கிடந்து எறும்புக்கும் புறாவுக்கும் தீனி. வழக்கமாக இந்தப் பதம் மூன்று நான்கு நாள் நிற்கும். காற்று வீசும் இந்தத் தையில் அதற்குமுன் போய்விடும். ஆகவே வண்டிக்காரரிடம் நாள் உறுதி செய்தபிறகு தண்ணீரை வடிக்கவும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடுவார்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடவும்.

தை 2 | பெல்ட் வண்டி

வண்டிக்காரர்கிட்ட நாள் உறுதி செய்யுறதா! சீசன்ல அவரு சம்சாரத்துக்கே நாள் சொல்ல முடியாது. "அஞ்சு நாள்ல வருவேன்"னா ஏழுன்னு வச்சுக்கங்க. ஒரே வாய்க்கால்ல இருக்கறவங்க பத்து ஏக்கர் சேத்து ஒண்ணாக் கூப்பிட்டா சொன்ன நாள்ல வருவாங்க, ரெண்டு மா நிலத்துக்கு யாரும் லாரில வண்டிய ஏத்திக்கிட்டு வரமாட்டாங்க.

இன்னொண்ணு. பனி இல்லாம நெல்லு காஞ்சு நிக்கும்போது டிரம் வேகத்தைக் கொறைக்கச் சொல்லுங்க. ஈர நெல்லுக்கு வச்ச வேகத்துலயே ஓட்டுனா மணி உடையும், தோல் உரியும். முதல் ஒரு சுத்து அறுத்ததும் டேங்க்ல கைய விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்க. பத்துக்கு ஒண்ணு உரிஞ்சிருந்தா அங்கேயே நிறுத்திச் சரிபண்ணச் சொல்லணும்.

தை 3 | வெண்ணாற்றங்கரை

பெல்ட் வண்டி சொன்னது முக்கியம். நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும்: ஏழாம் நாளும் வண்டி வராவிட்டால் பெல்ட் ஓடும் தடத்தில் முளை சாகும். அந்தத் தடத்துக்காக மட்டும் இரண்டு கிலோ விதையை ஒதுக்கிவைத்து, அறுத்த அன்று மாலையே பெல்ட் தடத்தில் தூவவும். தடம் பள்ளமாக இருப்பதால் ஈரம் அங்கேதான் அதிகம், முளைத்துவிடும்.

விதை நேர்த்தி. ஈரம் குறையப்போகிற வருஷம் என்பதால், விதையை ஊறவைத்து உலர்த்தும் கடினப்படுத்தல் கட்டாயம். உளுந்துக்குத் துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 100 மில்லிகிராம், 3 மணி நேர ஊறல். கடைத்தராசில் மில்லிகிராம் நிற்காது. ஒரு கிராம் பொட்டலமாகக் கட்டி 10 லிட்டரில் கரைத்தால் அதே அளவு. கிலோ விதைக்கு 350 மில்லி என்ற கணக்கில், 14 கிலோவுக்கு 5 லிட்டர் போதும். ஊறினபின் நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தவும். வெயிலில் காயவைத்தால் தோல் வெடித்து விதை இரண்டாகப் பிளக்கும்.

உலர்ந்தபின் வெள்ளை ஈக்காக இமிடாக்ளோபிரிட் 600 எஃப்.எஸ். பூச்சிமருந்து கிலோவுக்கு 5 மில்லி. கையுறை போட்டுக்கொள்ளவும், மிச்ச விதையைக் கோழி பக்கம் காட்டவேண்டாம். ஒரு நாள் விட்டு, தெளிப்பதற்குச் சற்றுமுன் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து கடைசியாகப் பூசவும். முதலில் ரைசோபியம் போட்டு அதன்மேல் மருந்து போட்டால் நுண்ணுயிர் செத்துவிடும், பொட்டலக் காசு தண்டம்.

தை 9 | வடவாறு

எங்களது புது டெல்டா, ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மணல் கலந்த செம்மண். இதே முறை சரிப்படுமா?

தை 9 | வெண்ணாற்றங்கரை

சரிப்படாது. மேலே சொன்ன 45-60 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு. உங்கள் மண்ணில் அதில் பாதிதான் நிற்கும். தண்ணீர் இல்லாமல் தரிசுப் பயிர் வேண்டாம். ஆழ்துளை உங்களுக்கு நல்ல தண்ணீர், ஆகவே ஒரு உழவு ஓட்டி விதைத்து இறவையாகச் செய்யவும்: முளைப்புக்கு ஒன்று, பூக்கும்போது ஒன்று, காய் திரளும்போது ஒன்று. ரெயின் கன் என்ற தெளிப்புநீர்க் கருவி இருந்தால் குறைந்த தண்ணீரில் முடியும். காற்று அடங்கின மாலையில் ஓட்டவும், பகல் காற்றில் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

தை 12 | கடைமடை

தெளித்தாயிற்று, அறுத்தாயிற்று. வைக்கோல் வரிசை வரிசையாக விழுந்து கிடக்கிறது. கட்டு மிஷின்காரர் ஒரு வாரம் ஆகும் என்கிறார்.

தை 12 | வெண்ணாற்றங்கரை

ஒரு வாரம் விட்டால் அந்த வரிசைக்கு அடியில் உளுந்து வெளுத்து நூலாக நீண்டு சாகும். இரண்டு நாளில் கட்டு மிஷின் வராவிட்டால் ஆள் வைத்து வைக்கோலை உதறிப் பரப்பவும். கைப்பிடி வைக்கோல் மெல்லியதாகப் பரவிக் கிடந்தால் இந்த வருஷம் லாபமே. மண்ணை மூடிக் காற்றுக்கு ஈரம் போகாமல் தடுக்கும். முளை மேலே வந்தபிறகு கட்டு மிஷின் டிராக்டரை வயலில் இறக்குவது பெல்ட் மிதித்ததற்குமேல் இன்னொரு மிதி. வைக்கோல் காசா, உளுந்துக் காசா என்று பார்த்துக்கொள்ளவும்.

அறுத்த நெல் தாளை எந்த உயரத்தில் விட்டார்கள்? முக்கால் அடிக்குமேல் நின்றால் வெதுவெதுப்பில் மறுதாம்பு, அதாவது தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் நெல், வெடிக்கும்.

தை 12 | பெல்ட் வண்டி

வெடிச்சுருச்சு. நான் அறுத்த வயல்ல நாலாம் நாளே பச்சை கட்டிருச்சு. குளுந்த வருஷத்துல இவ்வளவு வேகமா வராது.

தை 13 | வெண்ணாற்றங்கரை

அதுதான் இந்த வருஷம் பலர் கவனிக்காத திருட்டு. மறுதாம்புக்கு வேர் தயாராக இருக்கிறது, உளுந்துக்கு இப்போதுதான் வேர் இறங்குகிறது. ஒரே ஈரத்துக்கு இரண்டும் போட்டி போட்டால் நெல்தான் ஜெயிக்கும். குயிசாலோஃபாப் எத்தில் 5 சதவீதக் களைக்கொல்லி ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில், விதை தெளித்த 15 முதல் 20 நாளுக்குள். புல் இனத்தையும் மறுதாம்பையும் கொல்லும், உளுந்தை விடும். மண்ணில் ஈரம் இருக்கும்போது அடித்தால்தான் வேலை செய்யும். வாடி நிற்கும் புல் மருந்தை உள்ளே இழுக்காது. அகன்ற இலைக் களை அதிகம் என்றால் இது போதாது, ஆள்தான்.

தை 15 | வடவாறு

பனி இல்லை என்று நெல்லை மூடாமல் களத்தில் விட்டுவிட்டோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிட்டார்கள். இதென்ன நியாயம்?

தை 15 | பெல்ட் வண்டி

எல்லை 17 சதவீதம். வண்டில அறுக்கையில 20, 22 இருக்கும், மேகமூட்டத்துல ஒருநாள் பகல்ல அது எறங்காது. பனி வருஷத்துல அஞ்சு மணிக்குத் தார்ப்பாய் போட்டு மூடுவோம், காலையில பிரிச்சதும் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். இப்ப பகல் வெயிலும் மந்தம். நாலு விரக்கடைக்கு மேல குமிக்காம பரப்பி, ரெண்டு மணிக்கொரு தடவ காலால சால் ஓட்டிக் கிண்டி விடணும். ஓரத்துல எடுத்துப் பாக்காம நடுவுல, அடியில எடுத்துப் பல்லுல கடிச்சுப் பாருங்க. "டக்"குன்னு ஒடஞ்சா சரி, நசுங்குனா இன்னொரு நாள்.

தை 15 | வெண்ணாற்றங்கரை

பனிக்கு மூடாவிட்டாலும் தூறலுக்கு மூடத்தான் வேண்டும். 2023-ல் மழைக்குப்பின் 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அது கடும் சேதத்துக்குப் பிறகு கேட்டுப் பெற்றது, அதை எதிர்பார்த்து நெல்லைக் குவிக்காதீர்கள்.

தை 27 | கடைமடை

முளைப்பு பழுதில்லை. நடுநடுவே ஒன்றிரண்டு செடியில் கொழுந்து இலையில் மஞ்சள் புள்ளி. பனி இல்லாததால் சாம்பல் நோய் வராது என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறார், அது நிம்மதி.

தை 27 | வெண்ணாற்றங்கரை

பக்கத்து வயல்காரர் அவசரப்படுகிறார். சாம்பல் நோய்க்கு இலை நனையவேண்டியதில்லை. குளிர்ந்த இரவும் ஈரக்காற்றும் போதும். மாசியில் வானம் தெளிந்து நாலு இரவு குளிர்ந்தால் வெள்ளைப்பொடி பூசினாற்போல் வந்து நிற்கும். அடி இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவும், தென்பட்டதும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது நனையும் கந்தகம்.

ஆனால் அந்த மஞ்சள் புள்ளி இன்றைய வேலை. தேமலாகத்தான் இருக்கும். நச்சுயிரியைச் சுமப்பது வெள்ளை ஈ. வெதுவெதுப்பான, வறண்ட நாளில் அது வேகமாகப் பெருகும். இந்தக் குளிர்காலம் அதற்கென்றே செய்தது போல. முதல் 30 நாளில் தேமல் செடி ஒவ்வொன்றையும் பிடுங்கி, வரப்பில் போடாமல் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் அழிக்கவும். காலையில் வெயில் ஏறுமுன் பிடுங்கவும். ஈ மந்தமாக இருக்கும், பறந்து அடுத்த செடிக்குப் போகாது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 5, பயிரின் தலைமட்டத்தில். செடி வளர வளர உயர்த்தவும். ஈ கூட்டமாக இருந்தால் தயாமீதாக்சம் 25 டபிள்யூ.ஜி. பூச்சிமருந்து ஏக்கருக்கு 40 கிராம், 200 லிட்டரில். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டாம். வரப்பிலுள்ள களைச்செடியும் ஈக்கு வீடுதான், அதையும் வெட்டவும்.

மாசி 4 | வடவாறு

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கொல்லை மாமரம் பூக்கவேண்டிய நேரத்தில் தளிர் விட்டு நிற்கிறது. மல்லிகையோ முன்கூட்டியே மொட்டு.

மாசி 4 | வெண்ணாற்றங்கரை

இரண்டும் ஒரே காரணம். மாமரத்துக்குப் பூ எடுக்கக் குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் வேண்டும். வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் தளிருக்குப் போய்விடும். இப்போது தண்ணீர் விடாதீர்கள், உரம் வைக்காதீர்கள். மல்லிகை குளிரில்தான் சுணங்கும். அதனால்தான் மார்கழி, தையில் பூ விலை ஏறுவது.

மாசி 8 | கடைமடை

30-வது நாள் ஆகவில்லை, பூ எடுத்துவிட்டது. டிஏபி உரம் எப்போது தெளிப்பது? ஊரில் ட்ரோன் வந்திருக்கிறது, அதிலேயே அடித்துவிடலாமா?

மாசி 8 | வெண்ணாற்றங்கரை

சூட்டில் முந்திப் பூக்கும். நாள் கணக்கைப் பார்க்காமல் பூவைப் பார்க்கவும். வயலில் பாதிச் செடியில் முதல் பூ தெரிந்தால் முதல் தெளிப்பு, 15 நாள் கழித்து இரண்டாவது. 4 கிலோ டிஏபியை 20 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் மாலை ஊறவைத்து, காலையில் கலக்காமல் தெளிவை மட்டும் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கவும். அடி வண்டலைச் சேர்த்தால் நாசில் அடைக்கும், இலை கருகும். மாலை நாலு மணிக்குமேல் அடிக்கவும்.

டிஏபிக்கு ட்ரோன் வேண்டாம். அது ஏக்கருக்குப் பத்து லிட்டர்தான் கொண்டுபோகும். 2 சதவீதக் கரைசல் என்றால் 200 கிராம் உரம்தான் சேரும், பயனில்லை. 4 கிலோவையும் பத்து லிட்டரில் கரைத்தால் 40 சதவீதம், பயிர் வெந்துவிடும். பூச்சிமருந்துக்கு ட்ரோன் சரி, இலைவழி உரத்துக்குக் கைத்தெளிப்பான்தான்.

இன்னொரு வழி, பயறு ஒண்டர் என்னும் ஊட்டச்சத்துக் கலவை ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டரில், பூக்கும்போது ஒரே தடவை. பூ உதிர்வைக் குறைக்கும், வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆள்கூலி கணக்குப் பார்த்தால் இந்த வருஷம் இது தேவலாம்.

மாசி 9 | வடவாறு

பனியில்லாத வருஷத்தில் பூ உதிர்வு அதிகமா?

மாசி 9 | வெண்ணாற்றங்கரை

பனியால் இல்லை, ஈரத்தால். காலை பத்து மணிக்கே இலை வாடிச் சாய்ந்தால் பூ நிற்காது. மாலையில் நிமிர்ந்தால் இன்னும் தாங்கும். விடிகாலையிலும் வாடியே நின்றால் தண்ணீர் தேவை. பண்ணைக்குட்டையில் மிச்சம் இருந்தால் இப்போதுதான் அதற்கு நேரம். ஒரே ஒரு தெளிப்புநீர், மேலாக. களியில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினால் வெடிப்பில் இறங்கி ஓடிப்போகும், மேட்டுப்பக்கம் காயும், பள்ளத்தில் வேர் அழுகும்.

பங்குனி 3 | கடைமடை

முக்கால்வாசிக் காய் கறுத்துவிட்டது. வெடிக்குமோ என்று பயம். இதற்கும் வண்டி விடலாமா?

பங்குனி 3 | பெல்ட் வண்டி

விடலாம். செடி அரையடிக்குக் கொறஞ்சா கத்தி காயைப் பிடிக்காது, தரையில பாதி போயிரும். டிரம் வேகம் நெல்லுக்கு வச்சதுல பாதி, இடைவெளிய அகட்டணும், காத்தாடி வேகத்தைக் கொறைக்கணும். இல்லன்னா பருப்பா ஒடச்சுக் குடுத்துருவோம், நேரா இட்டிலிக்கு ஊறப்போட்டுக்கலாம்.

பங்குனி 3 | வெண்ணாற்றங்கரை

கையால் பறிப்பதானால் விடியலில் தொடங்கி எட்டு மணிக்குள் முடிக்கவும். வழக்கமாகப் பனி ஈரத்தில் காய் மெத்தென்று இருக்கும், ஒன்பது வரை நேரம் கிடைக்கும். இந்த வருஷம் அந்தச் சலுகை இல்லை. பச்சைப்பயறு கலந்து விதைத்திருந்தால் அதை முதலில் எடுக்கவும், உளுந்தைவிடச் சீக்கிரம் வெடிப்பது அதுதான். எண்பது சதவீதம் கறுத்ததும் செடியோடு பிடுங்கிக் களத்தில் போட்டு இரண்டு நாள் காயவைத்து அடிக்கலாம். மிச்சம் இருபதுக்காகக் காத்திருந்தால் முதலில் முற்றினது தரையில் கிடக்கும். விதைக்கு எடுப்பதைத் தேமல் படாத பகுதியில் தனியாகப் பறித்து, பல்லில் கடித்தால் உடையும்வரை காயவைத்து, புதுச் சாக்கில் கட்டவும். பழைய சாக்கென்றால் கொதிநீரில் முக்கிக் காயவைத்துவிட்டு. வண்டு அந்தத் தையலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.